எடை மாற்றம்: அலகுக்கு அலகு, பொருளுக்குப் பொருள் – முழுமையான வழிகாட்டி

"180 பவுண்டு எத்தனை கிலோ?" "200 லிட்டர் டீசல் எத்தனை கிலோ?" கேட்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முதல் கேள்விக்கு எங்கே கேட்டாலும் ஒரே விடைதான். ஓர் எண்ணால் பெருக்கினால் முடிந்தது. இரண்டாவதற்கு அந்த மாதிரி நிலையான எண் கிடையாது. அந்த டீசலின் அடர்த்தி என்ன, எத்தனை டிகிரி வெப்பத்தில் அளந்தார்கள் என்பது தெரிந்தால்தான் விடை. எடைக் கணக்கு சொதப்புவது பெரும்பாலும் இரண்டாம் வகைக் கேள்வியை முதல் வகையாக நினைத்துப் போடும்போதுதான்.

ஆகவே கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் உங்கள் கேள்வி எந்த வகை என்று பாருங்கள். எடையிலிருந்து எடைக்கா? கன அளவிலிருந்து எடைக்கா? அல்லது ஒரு பொருளின் இடத்தில் வேறு பொருளை வைத்தால் எடை என்னவாகும் என்பதா? முதலாவதற்கு அடர்த்தி தேவையே இல்லை. மற்ற இரண்டும் அடர்த்தி இல்லாமல் நகராது.

(பாடநூல் 'நிறை' என்று சொல்வதை நாம் பேச்சில் 'எடை' என்கிறோம். கிலோகிராம் நிறையின் அலகு. பாடநூல் கணக்கில் எடை என்பது விசை, அதன் அலகு நியூட்டன். இந்தக் கட்டுரையில் எடை என்றால் தராசு கிலோவில் காட்டும் அளவு. வேறுபாடு முக்கியமாகும் ஓர் இடம் கடைசியில் வரும்.)

அலகுக்கு அலகு

பவுண்டு, அவுன்ஸ் எல்லாம் தனி உலகம் இல்லை. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டபடி ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோ. இது தோராயம் அல்ல, வரையறை. அவுன்ஸ், ஸ்டோன் போன்ற பவுண்டு வகை அலகுகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை; குவிண்டால், மெட்ரிக் டன், காரட் மட்டும் நேராகக் கிலோ, கிராமிலிருந்து:

- 1 பவுண்டு = 16 அவுன்ஸ் = 7,000 கிரெயின் = 453.59237 கிராம்
- 1 அவுன்ஸ் = 28.3495 கிராம்
- 1 டிராய் அவுன்ஸ் = 480 கிரெயின் = 31.1035 கிராம்
- 1 கிரெயின் = 64.79891 மில்லிகிராம்
- 1 ஸ்டோன் = 14 பவுண்டு = 6.3503 கிலோ
- 1 குவிண்டால் = 100 கிலோ
- 1 மெட்ரிக் டன் = 1,000 கிலோ
- அமெரிக்க டன் (ஷார்ட் டன்) = 2,000 பவுண்டு = 907.185 கிலோ
- பிரிட்டிஷ் டன் (லாங் டன்) = 2,240 பவுண்டு = 1,016.047 கிலோ
- 1 காரட் (ரத்தின எடை) = 0.2 கிராம்

இந்தப் பட்டியலில் எண்களைவிடச் சொற்கள்தான் ஆபத்து. தமிழில் 'டன்' என்று எழுதினால் மூன்று டன்களில் எது என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. பெரியதற்கும் சிறியதற்கும் 109 கிலோ வித்தியாசம். 'அவுன்ஸ்' அதைவிட மோசம். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் என்றால் டிராய் அவுன்ஸ். மற்ற பொருட்களுக்குச் சாதாரண அவுன்ஸ். திரவத்துக்குச் சொல்லும் ஃப்ளூயிட் அவுன்ஸ் எடையே அல்ல, கன அளவு, அமெரிக்காவில் 29.57 மில்லி, பிரிட்டனில் 28.41 மில்லி. டிராய் அவுன்ஸைச் சாதாரண அவுன்ஸாக எடுத்துக்கொண்டால் கணக்கில் ஏறக்குறைய 9 சதவீதம் காணாமல் போகும். 'காரட்'டும் அப்படித்தான்: கல்லுக்குச் சொன்னால் எடை, தங்கத்துக்குச் சொன்னால் 24இல் எத்தனை பங்கு தங்கம் என்ற தூய்மை. 22 காரட் நகை என்பதை 4.4 கிராமாக மாற்றக் கூடாது.

மாற்றும் முறை எளிது. ஆனால் ஒவ்வொரு எண்ணின் அருகிலும் அலகை எழுதுங்கள்.

1. கலப்பு அளவாக இருந்தால் முதலில் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். 3 பவுண்டு 5 அவுன்ஸ் = (3 × 16) + 5 = 53 அவுன்ஸ்.
2. பெருக்குங்கள்: 53 அவுன்ஸ் × 28.3495 கிராம்/அவுன்ஸ் = 1,502.5 கிராம். மேலும் கீழும் இருக்கும் 'அவுன்ஸ்' அடிபட்டு 'கிராம்' மட்டும் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள்.
3. கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

இங்கே அடிக்கடி நடப்பது, 3 பவுண்டு 5 அவுன்ஸை 3.5 பவுண்டு என்று அடித்துவிடுவது. விடை 1,587.6 கிராம் என்று வரும்; 85 கிராம் அதிகம். பவுண்டுக்கு 16 அவுன்ஸ், 10 இல்லை.

மனக்கணக்குக்கு: கிலோவைப் பவுண்டாக்க இரட்டிப்பாக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 70 கிலோ: 140 + 14 = 154 (சரியான விடை 154.3). பவுண்டைக் கிலோவாக்கப் பாதியாக்கி, பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 180 பவுண்டு: 90 − 9 = 81 (சரியானது 81.6). முதல் வழியில் பிழை 0.2 சதவீதம், இரண்டாவதில் 0.8. பேச்சுக்கு இது போதும், பில்லுக்குப் போதாது.

முழுமையாக்குவதில் எதிர்த்திசைத் தவறும் உண்டு. 150 பவுண்டு என்று யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதை 68.0388555 கிலோ என்று எழுதுவதால் அது துல்லியமாகிவிடாது. உள்ளே போன எண்ணில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கதோ, வெளியே வருவதிலும் அத்தனைதான்.

மருந்தளவில் மட்டும் சுருக்கெழுத்து வேண்டாம். மைக்ரோகிராம் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'மைக்ரோ'வைக் குறிக்கும் கிரேக்க எழுத்தைக் கையால் எழுதினால் 'மில்லி'யின் எழுத்தாகப் படிக்க இடமுண்டு. முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.

கன அளவிலிருந்து எடை

எடை = கன அளவு × அடர்த்தி. சூத்திரம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எப்படித் தவறு செய்யலாம் என்பதற்கு 1983 ஜூலை 23 கனடாவில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. தொட்டியில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரைக் கிலோவாக்க 0.803 என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கினார்கள். 1.77ம் சரியான அடர்த்திதான், ஆனால் அது லிட்டருக்குப் பவுண்டு. கணக்கு இப்படிப் போனது: 7,682 × 1.77 = 13,597; 22,300 − 13,597 = 8,703; 8,703 ÷ 1.77 = 4,917 லிட்டர் நிரப்பினால் போதும். உண்மையில் நிரப்பியிருக்க வேண்டியது சுமார் 20,088 லிட்டர். பாதித் தேவைகூட இல்லாமல் கிளம்பிய விமானம் 41,000 அடி உயரத்தில் பறக்கையில் எரிபொருள் தீரத் தொடங்கி, எஞ்சின்களை இழந்து, கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கியே இறங்கியது. உயிர் யாருக்கும் போகவில்லை. அந்த 1.77க்குப் பக்கத்தில் 'பவுண்டு/லிட்டர்' என்று எழுதி, விடைவரை இழுத்து வந்திருந்தால் பிழை தாளிலேயே பிடிபட்டிருக்கும்.

அடர்த்தியை எழுத ஒரு வசதி உண்டு: கிராம்/கன சென்டிமீட்டர், கிலோ/லிட்டர், டன்/கன மீட்டர் மூன்றுக்கும் எண் ஒன்றுதான். கீழே உள்ளவை கிலோ/லிட்டரில், அறை வெப்பத்தில், வழக்கமான மதிப்புகள்:

- நீர் 0.998 (20 டிகிரியில்), பனிக்கட்டி 0.917, கடல்நீர் 1.025
- பெட்ரோல் 0.72–0.78, டீசல் 0.82–0.85, எத்தனால் 0.789, கிளிசரின் 1.26, பாதரசம் 13.5
- அலுமினியம் 2.70, டைட்டானியம் 4.51, எஃகு 7.85, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (304) 7.93, பித்தளை 8.4–8.7, தாமிரம் 8.96
- வெள்ளி 10.49, ஈயம் 11.34, டங்ஸ்டன் 19.25, தங்கம் 19.3, பிளாட்டினம் 21.45
- கண்ணாடி 2.5, கிரானைட் 2.65–2.7, கான்கிரீட் 2.4

திடப்பொருளுக்குக் கணக்கிடும்போது எல்லா நீளங்களையும் டெசிமீட்டருக்கு, அதாவது 10 சென்டிமீட்டர் அலகுக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். பெருக்கினால் கன அளவு நேராக லிட்டரில் வந்துவிடும். 1,200 × 600 × 8 மில்லிமீட்டர் எஃகுத் தகடு: 12 × 6 × 0.08 = 5.76 லிட்டர். 5.76 × 7.85 = 45.2 கிலோ. கன மீட்டரைக் கன சென்டிமீட்டராக்கும்போது நூறால் பெருக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளும் தவறுக்கு இங்கே இடமே இல்லை. (ஒரு கன மீட்டர் பத்து லட்சம் கன சென்டிமீட்டர்.)

எஃகுக்குத் தொழிலில் புழங்கும் குறுக்குவழிகள் இவை:

தகடு: சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ.

உருண்டைக் கம்பி: விட்டம் (மி.மீ.) × விட்டம் ÷ 162 = மீட்டருக்குக் கிலோ. 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ, 16 மி.மீ. 1.58 கிலோ. இந்த 162 எங்கிருந்தோ குதித்ததல்ல. பை, 4, 7.85 மூன்றும் சுருங்கி 162.2 ஆகின்றன. அதனால் இது எஃகுக்கு மட்டும். அலுமினியக் கம்பிக்கு வந்த விடையை 2.70 ÷ 7.85ஆல் பெருக்க வேண்டும்.

குழாய்: (வெளிவிட்டம் − சுவர்த் தடிமன்) × சுவர்த் தடிமன் × 0.02466. வெளிவிட்டம் 48.3 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. என்றால் 45.1 × 3.2 × 0.02466 = மீட்டருக்கு 3.56 கிலோ. உள்விட்டத்தை வெளிவிட்டமாகப் போட்டுவிடுவது இங்கே வழக்கமான தவறு.

காகிதம், துணி போன்றவற்றுக்கு அடர்த்திக்குப் பதில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பார்கள். ஏ4 தாள் சதுர மீட்டரில் 16இல் ஒரு பங்கு. ஆகவே 80 கிராம் காகிதத்தில் ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு 2.5 கிலோ.

விடை சரியா என்று பார்க்க நீர்தான் அளவுகோல். அதே கன அளவு நீர் எத்தனை கிலோ என்று மனதில் போட்டுப் பாருங்கள்; எஃகு அதைப்போல் எட்டு மடங்கை ஒட்டி வர வேண்டும். இயற்கைத் தனிமங்களில் அடர்த்தி மிகுந்த ஆஸ்மியத்துக்கே 22.6தான். உங்கள் கணக்கில் ஏதோ ஒன்றுக்கு 78 வந்தால் புள்ளி இடம் மாறியிருக்கிறது.

திரவங்கள்: வெப்பமும் கலவையும்

உலோகத்தில் வெப்பத்தை மறந்துவிடலாம், எரிபொருளில் முடியாது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரிகிறது. 15 டிகிரியில் 1,000 லிட்டராக இருந்தது 35 டிகிரியில் 1,019 லிட்டர் அளவுக்கு வரும். எடை அப்படியே இருக்கும். அடர்த்தி எந்த வெப்பத்துக்கு எடுத்ததோ கன அளவையும் அதே வெப்பத்தில் எடுங்கள். எரிபொருள் தாள்களில் பொதுவாக 15 டிகிரிக்கான அடர்த்திதான் இருக்கும்.

கலவையில் எடைகளைக் கூட்டலாம், கன அளவுகளைக் கூட்ட முடியாது. 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி நீரும் சேர்ந்தால் 100 மில்லி வராது. 96, 97 மில்லியில் நிற்கும். கரைசல் தயாரிக்கும் எதிலும் கன அளவை விட்டுவிட்டு எடையில் கணக்கிடுவது நல்லது.

கேலன் என்று வந்தால் எந்த நாட்டுக் கேலன் என்று கேளுங்கள்: அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர்.

மணல், தூள், குவியல்

புத்தகத்தில் மணல் துகளின் அடர்த்தி 2.65 என்று இருக்கும். ஒரு வாளி மணலுக்கு அதைப் போட்டால் தவறு. வாளியில் மணலோடு காற்றும் இருக்கிறது. உலர்ந்த மணல் குவியலாக லிட்டருக்கு 1.6 கிலோ அளவில்தான் இருக்கும். மீதி 40 சதவீதம் இடைவெளி. சிமெண்ட் துகள் 3.15, கொட்டிய சிமெண்ட் 1.44, 50 கிலோ சிமெண்ட் ஏறக்குறைய 35 லிட்டர் இடம் பிடிக்கும். எந்த எண் எதற்கு? துகள்களுக்கு நடுவே வேறு பொருள் நிரம்பிக் கெட்டியாகும் கலவைக் கணக்கில் துகள் அடர்த்தி. வண்டியில், மூட்டையில், தொட்டியில் அளக்கும்போது குவியல் அடர்த்தி.

குவியல் அடர்த்திக்கு எந்தப் பட்டியலையும் முழுதாக நம்ப வேண்டாம். துகளின் அளவு, ஈரம், எவ்வளவு குலுங்கியது என்பதைப் பொறுத்து மாறும். நீங்களே அளப்பது பத்து நிமிட வேலை:

1. நெளியாத வாளியை வெறுமையாக எடை போடுங்கள்: 0.62 கிலோ.
2. விளிம்புவரை நீர் நிரப்பி எடை போடுங்கள்: 10.58 கிலோ. நீர் 9.96 கிலோ. 30 டிகிரியில் நீர் லிட்டருக்கு 0.9957 கிலோ, ஆக வாளி 10.0 லிட்டர்.
3. நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். உள்ளே ஈரம் இருந்தால் துகள் ஒட்டிக்கொள்ளும்.
4. பொருளைத் தாழ்வான உயரத்திலிருந்து கொட்டி, அழுத்தாமல், நேரான கம்பியால் விளிம்போடு வழித்துவிடுங்கள். எடை: 16.12 கிலோ.
5. (16.12 − 0.62) ÷ 10.0 = லிட்டருக்கு 1.55 கிலோ.
6. கொட்டிவிட்டு மேலும் இரண்டு முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு வாளியைத் தட்டித் தட்டி நிரப்பி ஒருமுறை. வண்டியில் வந்து இறங்கும் சரக்கின் உண்மை அடர்த்தி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

பெரிய ஜல்லியைச் சின்ன டப்பாவில் அளந்தால் ஓரங்களில் வெற்றிடம் கூடி அடர்த்தி குறைத்துக் காட்டும். வாளி பெரிதாக இருக்கட்டும்.

ஈர மணலில் ஒரு விசித்திரம் உண்டு. கொஞ்சம் ஈரம், ஐந்து முதல் எட்டு சதவீதம், சேர்ந்தால் துகள்களைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கிவைக்க, மணல் உப்பி இடம் 20, 30 சதவீதம் கூடும். நுண்மணலில் அதற்கும் மேல். முழுக்க நனைத்தால் மறுபடி பழைய அளவுக்கே படிந்துவிடும். கன அளவில் மணல் வாங்குபவர் ஈரமணலில் காற்றை வாங்குகிறார். எடையில் வாங்குபவர் தண்ணீரை வாங்குகிறார். எந்த வழியிலும் ஈரத்தை அளக்காமல் கணக்கு நிற்காது.

ஈரக் கணக்கே தனிப் பொறி. 20 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ தானியத்தை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் எவ்வளவு மிஞ்சும்? ஆறு சதவீதம் கழித்து 940 என்பது தவறு. மாறாமல் இருப்பது உலர்பொருள் மட்டுமே: 1,000 × 0.80 = 800 கிலோ. இது இனி 86 சதவீதம். 800 ÷ 0.86 = 930.2 கிலோ. மரத்தில் ஈரத்தை உலர் எடைக்கு எதிராகச் சொல்வது வழக்கம். அதனால்தான் பச்சை மரத்துக்கு 100 சதவீதத்துக்கு மேலும் ஈரம் எழுதியிருப்பார்கள். உலர் அடிப்படையில் 25 சதவீதம் என்பது மொத்த எடையில் 25 ÷ 125, அதாவது 20 சதவீதம்.

ஒரு பொருளுக்குப் பதில் வேறு பொருள்

வடிவம் மாறாமல் பொருள் மட்டும் மாறினால்: புதிய எடை = பழைய எடை × (புதிய அடர்த்தி ÷ பழைய அடர்த்தி). 4.2 கிலோ எஃகுப் பாகம் அலுமினியத்தில்: 4.2 × 2.70 ÷ 7.85 = 1.44 கிலோ. மாறாக, எடை அப்படியே இருக்க வேண்டும் என்றால் கன அளவு தலைகீழ் விகிதத்தில் மாறும்.

மூன்றில் ஒரு பங்கு எடை என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். தட்டையான தகடு அதே அளவு வளைவுக்குத் தாங்க வேண்டுமானால், தடிமனை 3இன் கனமூல மடங்காக, அதாவது 1.44 மடங்காக, ஆக்க வேண்டும். அப்போது எடை 1.44 × 0.344, ஏறத்தாழ பாதி. எடை மிச்சம் உண்டு, ஆனால் அடர்த்தி விகிதம் காட்டுகிற அளவு இல்லை.

பொருள் எதுவென்றே தெரியாதபோது

ஒழுங்கற்ற வடிவம், பெயர் தெரியாத உலோகம். டிஜிட்டல் தராசும் ஒரு பாத்திரம் நீரும் போதும்.

1. பொருளை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள்: 430 கிராம்.
2. தராசில் நீருள்ள பாத்திரத்தை வைத்து டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள்.
3. மெல்லிய நூலில் பொருளைக் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் பிடியுங்கள். தராசு காட்டுவது பொருள் விலக்கிய நீரின் எடை; அது 51 கிராம் என்றால் கன அளவு 51 கன சென்டிமீட்டர்.
4. 430 ÷ 51 = 8.43. பித்தளையாக இருக்கலாம்.

பொருள் அடியைத் தொட்டால் தராசு அதன் எடையையும் சேர்த்துக் காட்டி விடையைக் கெடுக்கும். ஒட்டிய காற்றுக் குமிழிகள் கன அளவைக் கூட்டும். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் அகன்றுவிடும். மிதக்கும் பொருளை ஊசி முனையால் அழுத்தி மூழ்கவைத்தாலும் இதே முறை வேலை செய்யும்.

சின்னப் பொருளில் இது ஏமாற்றும். 4 கிராம் மோதிரத்தின் கன அளவு 0.22 கன சென்டிமீட்டர், 0.1 கிராமுக்குக் கீழே காட்டாத தராசு 0.2 என்றால் அடர்த்தி 20, 0.3 என்றால் 13.3. அதற்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 22 காரட் தங்கம் கலந்த உலோகம் தாமிரமானால் 17.6, வெள்ளியானால் 18 அளவில் வரும். உள்ளே டங்ஸ்டன் வைத்துத் தங்கம் பூசிய கட்டியை இந்த முறையால் பிடிக்க முடியாது; 19.25க்கும் 19.3க்கும் இடையே இடைவெளி அவ்வளவு சிறியது.

தராசு சொல்வதும் உண்மையும்

மின்னணுத் தராசு உணர்வது விசையை. அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780 மீட்டர்/வினாடி², துருவத்தில் 9.832. ஓரிடத்தில் சரிசெய்த தராசைத் தொலைவுக்குக் கொண்டுபோனால் அரை சதவீதம் வரை விலகலாம்; போன இடத்தில் படிக்கல் வைத்து மறுபடி சரிசெய்ய வேண்டும். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரு பக்கமும் ஒரே ஈர்ப்புதான்.

ஒரு கிலோ பஞ்சா, ஒரு கிலோ இரும்பா, எது கனம் என்ற பழைய விடுகதைக்கும் இங்கே ஒரு மறுபக்கம் உண்டு. காற்றும் பொருளைச் சற்றே தூக்கிப் பிடிக்கிறது, லிட்டருக்கு 1.2 கிராம் வீதம். ஒரு கிலோ எஃகு இடம்பெயர்க்கும் காற்று 0.15 கிராம்தான். உண்மை நிறை ஒரு கிலோவும் கன அளவு 50 லிட்டரும் உள்ள தெர்மோகோல் கட்டி இடம்பெயர்ப்பது 60 கிராம். தராசு 940 கிராம் என்றே காட்டும்.